நாட்டுக்கோழியா, கலப்பா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

குடியாத்தம், காட்பாடி, ஆரணி பக்கம் யாராவது புதிதாக நாட்டுக்கோழி வாங்கினால், இரண்டு மாதத்தில் ஒரு சந்தேகம் வந்துவிடும். "சிறுவிடைன்னு சொல்லிதான் கொடுத்தாங்க, இது வேற மாதிரி வளருதே" என்று கோழியைக் கூடையில் போட்டு எடுத்து வருவார்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், கேள்வி என்னவோ அதே ஏழெட்டுதான். அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்கள் கோழியில் தெரியும் அறிகுறிக்கான தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், நஷ்டம் அதிகமான காரணம் கடைசியில் வரும்.

அதற்கு முன் ஒன்று. சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடைக்கும் பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடைக்கும் நிறம் அடையாளம் இல்லை. செவலை, கருப்பு, கீரி, புள்ளி, வெள்ளை என்று ஒரே தாயின் குஞ்சுகளில் எல்லாம் வரும். "சுத்த நாட்டுக்கோழி இந்த நிறத்தில்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அதே மாதிரி ஒரே ஒரு அடையாளத்தை வைத்து எந்தக் கோழியையும் தள்ளாதீர்கள். மூன்று அடையாளம் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் முடிவுக்கு வாருங்கள்.

கலப்புக் கோழி கெட்ட கோழி இல்லை. ஹைதராபாத்தில் உருவான வனராஜா, பெங்களூருவின் கிரிராஜா, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி எல்லாம் முட்டைக்கும் கறிக்கும் நல்லவைதான். அவற்றைச் சிறுவிடை என்று நம்பி அடைக்கு விட்டால், இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டில் இருந்த பழைய வம்சம் காணாமல் போய்விடும். அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. எனக்கு வருத்தமெல்லாம் அதில்தான்.

## எந்தச் சந்தேகமானாலும் முதலில்: கையில் எடுத்துப் பாருங்கள்

தரையில் ஓடும் கோழியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு எடுங்கள், திமிறாது. நெஞ்சை இடது உள்ளங்கையில் தாங்கி, இரண்டு காலையும் விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூக்கு. மேல் அலகு நுனி கூர்மையாக, கீழ் அலகைச் சற்றுத் தாண்டி வளைந்திருக்க வேண்டும். நுனி மொட்டையாக, சுட்டுக் கருகிய மாதிரி இருந்தாலோ, மேல் அலகு கீழ் அலகைவிடக் குட்டையாக இருந்தாலோ, அந்தக் கோழி பெரிய பண்ணையில் வளர்ந்தது. அங்கே ஒன்றை ஒன்று கொத்தாமல் இருக்க மூக்கு வெட்டுவார்கள். வீட்டில் பஞ்சாரத்தில் வளர்ந்த கோழிக்கு யாரும் மூக்கு வெட்டுவதில்லை. இந்த ஒரு சோதனை மட்டும் எனக்குத் தெரிந்து பல பேருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மூக்கு முழுசாக இருப்பதால் மட்டும் கோழி சுத்தம் ஆகிவிடாது.

அடுத்து நெஞ்சு. கட்டைவிரலால் நெஞ்செலும்பு நெடுகத் தடவுங்கள். மேய்ந்து வளர்ந்த சிறுவிடையில் எலும்பின் விளிம்பு விரலில் தட்டும், இரண்டு பக்கமும் சதை சரிந்து போகும். பிராய்லர் ரத்தம் கலந்ததில் எலும்பு சதைக்குள் புதைந்து, நெஞ்சு அகலமாகத் தெரியும்.

கடைசியாகக் கால். செதில் இறுக்கமாக, கால் உருண்டு மெலிந்திருக்கிறதா, அல்லது தடித்து மெத்தென்று இருக்கிறதா? கால் மஞ்சளா வெள்ளையா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் கால் பண்ணை முட்டைக்கோழியான லெகானுக்கும் உண்டு. மக்காச்சோளம் தின்றாலே மஞ்சள் கூடும்.

## அறிகுறி 1: சிறுவிடைக் குஞ்சு என்று வாங்கியது, மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ

சிறுவிடை மெதுவாக வளர்வது. மேய்ச்சலில் ஒரு கிலோ எட்ட நான்கைந்து மாதம் பிடிக்கும். முழுசாக வளர்ந்த பெட்டையே ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் இருக்கும். சேவல் ஒன்றரைக் கிலோவைச் சுற்றி.

வயதைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம். இதுதான் அதிகம் நடக்கிறது. இரண்டு மாதக் குஞ்சை ஒரு மாதக் குஞ்சு என்று கொடுத்திருப்பார்கள். சேவலாக இருந்தால் காலின் உள்பக்கம் முள் எழும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வெறும் புள்ளியாக இருந்தால் இளசு. கெட்டியாக, உருண்டு மேலே எழும்பியிருந்தால் சொன்ன வயதைவிட மூத்தது.

தீவனம். பிராய்லர் குஞ்சுத் தீவனத்தை மூட்டையோடு வாங்கி வேளா வேளைக்குப் போட்டால் நாட்டுக்கோழியும் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறும். ஒரு மாதம் அதை நிறுத்தி கம்பு, குருணை, தவிடு, கீரை என்று மாற்றிப் பாருங்கள். சுத்தமான கோழி சுறுசுறுப்பாக மேயப் போகும். வேகமாக வளரும் கலப்பு, தட்டு வைக்கும் இடத்திலேயே உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கும்.

பெருவிடையாக இருக்கலாம். நெட்டைக் கால், நீண்ட கழுத்து, இறுக்கமான இறகு என்றால் அது அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் வழி வந்த பெருவிடை. சிறுவிடை இல்லையே தவிர, அதுவும் நாட்டுக்கோழிதான். விற்றவர் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

அசில் கிராஸ் (அசிலோடு வேறு ரகம் சேர்த்த கலப்பு), வனராஜா போன்ற ரகமாக இருக்கலாம். இன்று நம் பக்கம் "நாட்டுக்கோழி" என்ற பெயரில் ஹாட்ச்சரியிலிருந்து (குஞ்சு பொரிப்பகம்) வரும் குஞ்சில் பெரும்பகுதி அசில் கிராஸ். மாலையில் தலை உயரத்துக்கு மேல் ஒரு கம்பைக் கட்டிவிட்டு, முருங்கை மரம் இருந்தால் அதன் கீழேயே விட்டுப் பாருங்கள். மூன்று மாதச் சிறுவிடை இருட்டுவதற்குள் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். கனத்த கலப்பு இரண்டு தரம் குதித்துப் பார்த்துவிட்டுக் கீழேயே ஒடுங்கும். வேலூர் வெயிலும் ஒரு சோதனைதான். கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்கு நிழலிலேயே வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இளைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கனத்த ரத்தம் கலந்தது. சிறுவிடை புதர் அடியில் மண்ணைக் கிளறிக் குழி பறித்துப் படுத்திருக்கும்.

நான்கும் பார்த்தாகிவிட்டது, எடைதான் ஏறிக்கொண்டே போகிறது என்றால் அதைக் கறிக்கு வளருங்கள். அந்தச் சேவலை மட்டும் வீட்டுப் பெட்டைகளோடு விடாதீர்கள்.

## அறிகுறி 2: பெட்டை முட்டை வைத்துக்கொண்டே போகிறது, அடைக்கு உட்காரவில்லை

பத்துப் பதினைந்து முட்டை வைத்ததும் கொக்கரிப்பு மாறி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூடையை விட்டு எழாமல் உட்காருவது நாட்டுப்பெட்டையின் குணம். வருடத்தில் மூன்று நான்கு முறை இப்படி உட்காரும். ஆக வருடத்துக்கு அறுபது எழுபது முட்டைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நிற்காமல் நூற்றைம்பது முட்டை வைக்கும் "சிறுவிடை" சிறுவிடை இல்லை.

ஆனால் அவசரப்படாதீர்கள். இதில் சாதாரணக் காரணங்கள்தான் அதிகம்.

தினமும் முட்டையை எடுத்துவிடுகிறீர்களா? கூட்டில் முட்டை சேர்வதைப் பார்க்காத பெட்டைக்கு அடை எண்ணம் தள்ளிப்போகும். மூன்று நான்கு முட்டையைப் பென்சிலால் குறி போட்டு அங்கேயே விடுங்கள். புது முட்டையை எடுத்துக்கொள்ளலாம். குறி போட்டவை கெட்டாலும் பரவாயில்லை.

முதல் தடவை முட்டை வைக்கும் இளம் பெட்டையா? முதல் சுற்றில் சில பெட்டைகள் உட்காராமலே விட்டுவிடும். இரண்டாம் சுற்று வரை பொறுங்கள்.

கூடையில் பேன் இருக்கிறதா? இரவில் டார்ச் அடித்து, வைக்கோலுக்கு அடியில் வெள்ளைத் துணியைத் தேய்த்து எடுங்கள். துணியில் நகரும் புள்ளிகள் தெரிந்தால் கோழி உட்காராததற்கு அதுதான் காரணம். வைக்கோலை எரித்து, கூடையை வெயிலில் காய வைத்து, அடியில் மணலும் சாம்பலும் போட்டுப் புதிதாக அமையுங்கள். இடம் இருட்டாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் எந்தக் கோழியும் உட்காராது.

இதெல்லாம் சரிசெய்தும் இரண்டு மூன்று சுற்று உட்காரவே இல்லையென்றால் கலப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நிறைய முட்டைக்காக வளர்த்தெடுத்த ரகங்களில் அடைக் குணத்தைக் கழித்துவிட்டார்கள். அந்த ரத்தம் கலந்தாலே இந்தக் குணம்தான் முதலில் மங்கும். கருங்கோழியான கடக்நாத்துக்கு மட்டும் இந்தச் சோதனையைப் போடாதீர்கள். சுத்தமான கடக்நாத்தே சரியாக அடை காக்காது.

## அறிகுறி 3: அசில் என்று வாங்கியது, கொண்டை நிமிர்ந்து வளர்கிறது

அசிலுக்குக் கொண்டை சின்னது. மண்டையோடு ஒட்டி, மூன்று வரிசை மேடாக, பட்டாணி பதித்த மாதிரி இருக்கும். தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை) இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். பல் பல்லாகச் சீப்பு மாதிரி நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை சுத்த அசிலில் வராது. நிமிர்ந்த உடம்பு, நீண்ட கெட்டிக் கால், உடம்போடு ஒட்டிய இறகு, வளர்ந்த சேவல் மூன்று நான்கு கிலோ. இவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கொண்டை சின்னதுதான், ஆனால் நடுவரிசை மட்டும் தூக்கி, ஒருபக்கம் சாய்கிறது, தாடியும் தொங்குகிறது. இது கிராஸின் கொண்டை. அசில் கொண்டை மற்ற கொண்டையை அடக்கும், ஆனால் முழுசாக அடக்காது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் கொண்டையைப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாதபடி மண்டையோடு படிந்திருந்தால் நல்லது. இலை மாதிரி மடங்கினால் கலப்பு.

இரண்டு அசிலும் நல்ல கொண்டைதான், குஞ்சு ஒன்றுக்கு மட்டும் சீப்புக் கொண்டை. இங்கேதான் எல்லோரும் பக்கத்து வீட்டுச் சேவல் மேல் பழியைப் போடுவார்கள். அது வந்து போயிருக்கலாம். ஆனாலும் உங்கள் பெட்டையும் பழியிலிருந்து தப்பாது. ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறக்க அந்தக் குணம் தாயிடமிருந்தும் வர வேண்டும், தகப்பனிடமிருந்தும் வர வேண்டும். சுத்த அசில் பெட்டையை எந்தச் சேவல் மிதித்தாலும் குஞ்சுக்குக் கொண்டை பட்டாணி வாகில்தான் வரும். ஆக ஒரே ஒரு சீப்புக் கொண்டைக் குஞ்சு போதும், தாய்க்கோழியின் முன்னோரில் கலப்பு இருந்தது நிச்சயம். வேறு சேவலே அண்ட முடியாத கூண்டில் அடைத்து எடுத்த முட்டை என்றால் உங்கள் சேவலும் அப்படித்தான்.

அசிலில் நிறத்துக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. பொன் சிவப்புக்கு பீலா, கருப்பும் சிவப்பும் கலந்ததற்கு யாக்கூப், வெள்ளைக்கு நூரி, கருப்புக்கு காகர். விற்பவர் இந்தப் பெயரை அடுக்கினால் மயங்கிவிடாதீர்கள். பெயர் நிறத்துக்குத்தான், சுத்தத்துக்கு இல்லை.

## அறிகுறி 4: ஜோடி சுத்தமாகத்தான் இருக்கிறது, குஞ்சுகள் கன்னாபின்னா என்று வருகின்றன

உடம்பு வாகு, கால் நீளம், வளர்ச்சி வேகம் என்று எல்லாமே குஞ்சுக்குக் குஞ்சு மாறுகிறது என்றால் படியுங்கள். சிறுவிடையில் நிறம் மட்டும் மாறினால் விட்டுவிடலாம்.

முதல் காரணம் பலருக்குத் தெரியாதது. சேவலைப் பிரித்த பிறகும் பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதுச் சேவலை இன்று விட்டு அடுத்த வாரம் எடுத்த முட்டையில் பழைய சேவலின் குஞ்சும் வரலாம். ஆக, பெட்டையைத் தனியாக அடைத்து மூன்று வாரம் முழுசாகக் கழித்துவிட்டுத்தான் அடைமுட்டை சேர்க்க வேண்டும். இடையில் வரும் முட்டையைச் சமைத்துச் சாப்பிடலாம்.

இரண்டாவது, தெருவில் திரியும் சேவல். கம்பிவலைக் கூண்டு, மேலேயும் வலை. அரை மணி நேரம் திறந்து விட்டாலும் போதும், மறுபடி மூன்று வாரம் எண்ண வேண்டும்.

மூன்றாவது, வேறு பெட்டை வந்து அதே கூடையில் முட்டை வைப்பது. கோழிகளுக்கு இது வழக்கம். முட்டை வைத்ததும் தேதியும் கோழியின் அடையாளமும் பென்சிலால் எழுதுங்கள்.

இந்த மூன்றையும் அடைத்த பிறகும் குஞ்சுகள் பிரிந்து பிரிந்து வந்தால், உங்கள் ஜோடிதான் கலப்பு. கிராஸ் கோழி தன்னளவில் அழகாக, ஒரே சீராக இருக்கும். ஹாட்ச்சரி குஞ்சுகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருப்பது அதனால்தான். இரண்டு கிராஸை ஜோடி சேர்த்தால் அடுத்த தலைமுறையில் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். சந்தேகமான கோழியை வைத்துக்கொண்டு மண்டையைக் குழப்புவதைவிட, ஒரு அடை பொரிக்கவிட்டுக் குஞ்சுகளை மூன்று மாதம் பார்ப்பது நல்லது. அதில் தெரிவது வேறு எதிலும் தெரியாது. நேரம் பிடிக்கும், செலவு குறைவு.

## அறிகுறி 5: கருங்கோழி என்று வாங்கியது, அங்கங்கே வெளுத்திருக்கிறது

கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் பகுதிக் கோழி. ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் நம் பக்கமும் விலை ஏறியது, போலியும் ஏறியது.

கருப்பு இறகு ஒரு அடையாளமே இல்லை, நம் ஊர்க் கருப்புக் கோழிக்கும் கருப்பு இறகுதான். நெஞ்சு இறகை வாயால் ஊதிப் பிரியுங்கள், தோல் கருநீலமாகத் தெரிய வேண்டும். வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். காலைத் திருப்பி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். கலப்பு முதலில் தன்னைக் காட்டிக்கொடுப்பது அங்கேதான். நாக்கு இளஞ்சிவப்பு, உள்ளங்கால் வெள்ளை, தோல் திட்டுத் திட்டாகச் சாம்பல் என்றால் கிராஸ். கருமை மற்ற நிறத்தை அடக்கும் குணம். அதனால் ஒருபக்கம் மட்டும் கடக்நாத்தாக இருந்தாலும் குஞ்சு ஓரளவு கருப்பாகவே வரும். போலி விற்பது சுலபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கலப்பு என்று தப்பாக எண்ண வைக்கும் விஷயங்கள்: வளர்ந்த சேவலின் கொண்டையும் தாடியும் வெயிலில் ஊதாச் சிவப்பாகத் தெரிவது, கழுத்தில் பொன் அல்லது வெள்ளிக் கீற்று ஓடுவது. கடக்நாத்திலேயே முழுக் கருப்பு, கீற்று, பொன் என்று மூன்று வகை இருக்கின்றன. முட்டையும் கருப்பாக இருக்காது, வெளிர் பழுப்பு அல்லது சந்தன நிறம்தான். கருப்பு முட்டை என்று யாராவது காட்டினால் சாயம் பூசியது, வாங்காதீர்கள். ரத்தம் எல்லாக் கோழிக்கும் சிவப்புதான்.

காலில் ஐந்து விரல், பஞ்சு மாதிரி இறகு, தலையில் குடுமி இருந்தால் அது சில்க்கி என்ற அழகுக் கோழி. அதற்கும் தோல் கருப்பு. கடக்நாத்துக்கு நான்கு விரல்தான்.

## அறிகுறி 6: கழுத்தறுத்தான் கோழி, ஆனால் கழுத்து முன்பக்கம் ஒரு கொத்து இறகு

சோதனை தேவைப்படாத ஒரே அறிகுறி இதுதான். கழுத்து முழுக்க வெறுமையாக இருந்தால் அந்தக் குணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. முன்கழுத்தில் ஒரு கொத்து இறகு தொங்கினால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும். அப்படிப்பட்ட இரண்டை ஜோடி சேர்த்தால் நான்கில் ஒரு குஞ்சு முழு இறகோடு வரும். சண்டையிலோ சொறியிலோ இறகு கொட்டிய கழுத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கொட்டிய இடத்தில் ஒரு மாதத்தில் முளை தெரியும். வேலூர் வெயிலுக்கு இந்தக் கோழி நன்றாகத் தாங்கும், கொத்து இருக்கிறது என்பதற்காகக் கழிக்க வேண்டாம்.

## அறிகுறி 7: கிளிமூக்கு, விசிறிவால் என்று வாங்கிய குஞ்சு நேர்மூக்காக வளர்கிறது

குஞ்சில் இதைச் சொல்ல எனக்கும் வழி தெரியாது, நல்ல வளர்ப்பாளர்களும் சொல்ல மாட்டார்கள். மூக்கின் வளைவும் வாலின் படிவும் வளர வளரத்தான் அமையும். நல்ல ஜோடியிலேயே எல்லாக் குஞ்சும் தேறாது. பெரிய விலை கொடுப்பதாக இருந்தால் தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்காமல் கொடுக்காதீர்கள். போட்டோவில் காட்டிய சேவல் அந்தக் கூண்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். "சேவல் ஊர்ல இருக்குண்ணா, அடுத்த வாரம் காட்றேன்" என்றால் பணத்தையும் அடுத்த வாரமே கொடுக்கலாம்.

## அறிகுறி 8: நாட்டுக்கோழி முட்டை என்று வாங்கியது சந்தேகமாக இருக்கிறது

பழுப்பு நிறம் மட்டும் போதாது. பண்ணையில் முட்டைக்காக வளரும் பழுப்பு லேயர் கோழியும் பழுப்பு முட்டைதான் வைக்கும். அளவைப் பாருங்கள். நாட்டு முட்டை நாற்பது கிராமைச் சுற்றி இருக்கும், பண்ணை முட்டை ஐம்பத்தைந்துக்கு மேல். ஒரு டஜன் முட்டையும் ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் பண்ணையிலிருந்து வந்தது. பல வீட்டுப் பெட்டைகளின் முட்டை ஒன்றுக்கொன்று வித்தியாசமாகத்தான் இருக்கும்.

வெள்ளை முட்டையை டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து விற்பதும் உண்டு. ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். உடைத்த பிறகு ஓட்டின் உள்பக்கம் சாயம் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றிச் சோதிக்காதீர்கள், இயற்கையான பழுப்பும் ஓட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, அதுவும் புளிப்பில் கரைந்து வரும்.

## அறிகுறி 9: சந்தையிலும் வண்டியிலும் வாங்கும்போதே சந்தேகம்

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையானாலும் சரி, தெருவில் மைக் கட்டி வரும் வண்டியானாலும் சரி, இரண்டு வகையை முதலில் ஒதுக்குங்கள். ஒன்று, முட்டை முடிந்து கழித்த லேயர். வெட்டிய மூக்கு, வெளுத்துச் சாய்ந்த கொண்டை, உடைந்த வால் இறகு. பழுப்பு நிறத்தில் இருப்பதால் நாட்டுக்கோழி என்று போய்விடும். இன்னொன்று, பச்சை, ரோஸ் சாயம் போட்ட குஞ்சு. அவை பெரும்பாலும் லேயர் ஹாட்ச்சரியில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். சாயம் உதிர்ந்ததும் வெள்ளையாகி, பெரிய ஒற்றைக் கொண்டையும் வெள்ளைக் காதுமடலுமாக நிற்கும். உடம்பும் ஏறாது.

கேள்வியும் ஒரு சோதனைதான். "இதோட தாய் அடைக்கு உட்காருமாம்மா? கடைசியா எத்தனை பொரிச்சது?" என்று கேளுங்கள். வீட்டில் வளர்த்தவர் யோசிக்காமல் சொல்வார், பருந்து தூக்கிய கணக்கையும் சேர்த்தே சொல்வார். வாங்கி விற்பவருக்கு அது தெரியாது. அவரும் பல சமயம் நல்ல மனதோடு, தான் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறார், சண்டை போட வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் இரண்டு மூன்று வாரம் மற்ற கோழிகளோடு சேர்க்காதீர்கள். இனத்தில் ஏமாந்தால் ஒரு கோழி நஷ்டம், வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் கூடே காலி.

## எப்போது விவரம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்

ஒன்றிரண்டு கோழிக்கு யாரையும் கூப்பிட வேண்டாம், மேலே சொன்னதே போதும். நூறு இருநூறு குஞ்சு வாங்கி இனப்பெருக்கம் செய்யப் போகிறீர்கள், அல்லது ஒரே கோழிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார்கள், அல்லது வங்கிக் கடன் வாங்கிப் பண்ணை போடுகிறீர்கள் என்றால், பணம் கைமாறும் முன் கூப்பிடுங்கள். வாங்கிய பின் கூப்பிட்டால் அவரால் "கலப்பு" என்று சொல்ல முடியும், பணத்தை வாங்கித் தர முடியாது.

முதலில் பக்கத்துக் கால்நடை மருந்தகம். அடுத்து விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம், வேலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம். அங்கே பயிற்சியும் கிடைக்கும், எங்கே நம்பிக் குஞ்சு வாங்கலாம் என்றும் சொல்வார்கள். பெரிய அளவில் போகிறவர்கள் ஓசூர் கோழியினக் கல்லூரி வரை போய்வருவது வீண் இல்லை. போகும்போது கோழியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிறந்த தேதி, வாரா வாரம் போட்ட எடை, தாய் தகப்பன் போட்டோ, குஞ்சுகளின் போட்டோ, என்ன தீவனம் என்று எழுதிய நோட்டு இருந்தால் அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நோட்டு இல்லாமல் போனால் "பார்த்தால் நாட்டுக்கோழி மாதிரிதான் இருக்கு" என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கோழியின் ரத்தத்தை எடுத்துக் கொடுத்தால் "நூறு சதவீதம் சுத்தம்" என்று சான்றிதழ் தருவதாக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மரபணு ஆராய்ச்சி ஒரு இனத்தின் பல கோழிகளை வைத்து நடப்பது, சந்தையில் வாங்கிய ஒற்றைச் சேவலுக்கு வீட்டுக்காரர் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளும் சோதனை இல்லை.

## கூடு முழுக்கக் கலந்துவிட்டது தெரிந்தால்

எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்குவது வேகமான வழி, செலவும் அதிகம். நான் சொல்வது சேவலை மட்டும் மாற்றுவது. கலப்புச் சேவல் ஒன்று விடாமல் கறிக்குப் போகட்டும். மேலே சொன்ன சோதனைகளில் தேறிய ஒரு சிறுவிடைச் சேவலை, தாயையும் பார்த்து வாங்குங்கள். குடியாத்தம் எல்லையோரக் கிராமங்களிலும் ஜவ்வாது மலைப் பக்கமும் வீட்டு வம்சமாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கும் அரசுத் திட்டத்தில் கொடுத்த குஞ்சுகள் கலந்திருக்கலாம், அதனால் ஊர்ப் பெயரை நம்பாமல் கோழியைப் பாருங்கள்.

பெட்டைகளில் நன்றாக அடை காக்கும் இரண்டு மூன்றை மட்டும் அதோடு விடுங்கள். பிறக்கும் பெட்டைக் குஞ்சுகளில் அடைக்கு உட்காருவதையும் மரம் ஏறுவதையும் தேர்ந்து வைத்து, அடுத்த முறை வேறு வீட்டுச் சிறுவிடைச் சேவலை விடுங்கள். தகப்பன் சேவலையே மகளோடு விட்டால் குஞ்சு நலியும். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். முதலில் பாதி, அப்புறம் கால், அப்புறம் அரைக்கால். காலில் கலர் வளையம் போட்டு எந்தக் குஞ்சு எந்தத் தலைமுறை என்று எழுதி வையுங்கள். மூன்றாம் தலைமுறைப் பெட்டைகள் தாங்களாக உட்கார ஆரம்பித்ததும், அடைமுட்டை கேட்டு வருகிறவர்களுக்கு அவற்றிலிருந்தே கொடுக்கலாம்.